இலை டீயும் என் கையும்

இலை டீயை முதன்முதலில் வாயில் வைத்ததும் துப்பிவிட்டேன். புதுச்சேரியில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, டீ ஊற்றும் கெண்டி நாற்பது செய்து தரச் சொல்லி, ஒரு மாதிரிக் கெண்டியையும் முறுக்கிக் காயவைத்த தேயிலைப் பொட்டலம் ஒன்றையும் ஒரு தாளையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தாளை யார் படித்தது? டீத்தூளைப் போடுவது போலவே பால், சர்க்கரையோடு பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். அந்தக் கசப்புக்குக் கஷாயமே தேவலாம். அந்தம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

விருத்தாசலத்தில் எங்களுடையது ஊறுகாய் ஜாடிப் பட்டறை. சுட்டால் கண்ணாடியாகிற கிளேஸ் குழம்பில் ஜாடியை இரண்டு முறை முக்குவோம். ஒரு முறையோடு விட்டால் உப்பு கசியும் என்பது எங்கள் அனுபவம். முக்குவது என் மனைவியின் வேலை. கெண்டியில், இலை கப்புக்குள் விழாமல் தடுக்க, மூக்கு சேரும் இடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன.

"என்னாங்க, ரெண்டு தடவ முக்குனா ஓட்டையெல்லாம் அடச்சிக்காதா?" என்று கேட்டாள்.

"இருவது வருஷமா ஜாடி போடுறவன் நானு. சொன்னதச் செய்யி."

செய்தாள்.

சூளை பிரித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டாவது படிக்கும் மகளும் பட்டறைக்கு வந்திருந்தாள். ஒரு கெண்டியில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்தேன். மூக்கிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. வாய் வழியாகக் கொட்டி என் வேட்டியை நனைத்தது. அடுத்ததும் அப்படியே. நாற்பதிலும் ஓட்டைகள் அடைத்துக்கொண்டிருந்தன. பட்டறையில் அச்சில் மண்குழம்பு வார்க்கும் பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"நாந்தான் அப்பவே கேட்டேனேங்க" என்றாள் மனைவி.

அறைந்தேன், காதோடு சேர்த்து. அலமாரியில் மோதி விழுந்தாள். எழப் பார்த்தவளின் முடியைப் பிடித்து இழுத்து மறுபடியும் அறைந்தேன். பிறகு கெண்டிகளை ஒவ்வொன்றாகச் சூளைச் சுவரில் அடித்தேன். ஒரு சில்லு தெறித்து அவள் புருவத்தைக் கிழித்தது. ரத்தத்தைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை, அடுத்ததை எடுத்தேன். "வுடுண்ணே, செத்துடப் போவுது!" என்று பெண்கள்தான் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். மகள் கத்தவில்லை, அழவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்றைக்கே இருவரும் பஸ் ஏறித் திட்டக்குடியில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆளில்லாத வீட்டில் அந்தத் தாளைப் படித்தேன். இலை டீக்குப் புதியவர்களுக்காக எழுதியிருந்தது. கொதிக்கவிடாதீர்கள். கெண்டியை வெந்நீரால் அலசி, கப்புக்கு ஒரு ஸ்பூன் இலை போடுங்கள். கொதி அடங்கிய தண்ணீரை ஊற்றி, மூன்று நிமிடம் மூடி வையுங்கள். இலை விரிய இடம் வேண்டும், நசுக்காதீர்கள். பால் வேண்டாம். அதற்கும் கீழே, பேனாவால் எனக்கென்றே ஒரு வரி: ஓட்டைகளில் கிளேஸ் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. மாதிரிக் கெண்டியில் அந்த முறைப்படியே போட்டுக் குடித்தேன். டீ நன்றாகவே இருந்தது.

மறுபடியும் நாற்பது செய்தேன். ஒரே முக்கு; ஈரம் காய்வதற்குள் ஊதி ஊதி ஓட்டைகளைத் திறந்தேன். அந்தம்மா சந்தோஷமாக வாங்கிப் போனார். திட்டக்குடிக்கு மூன்று முறை போய்க் கெஞ்சினேன். "புள்ளையோட ஸ்கூலுக்காக வரேன், ஒனக்காக இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தாள். இடது காதில் அவளுக்கு இன்னும் இரைச்சல் நிற்கவில்லை.

போன வாரம் ஒருநாள் காலையில் மூவருக்கும் நானே இலை டீ போட்டேன். சமையலறையில் இருவரும் என் பக்கத்தில் நின்றிருந்தார்கள். மேல்தட்டில் இருந்த சர்க்கரை டப்பாவுக்காகக் கையைத் தூக்கினேன். மகள் சட்டென்று அம்மாவுக்கு முன்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"டப்பா எடுக்கத்தாம்மா" என்றேன்.

நான் கையை இறக்கும்வரை அவள் நகரவில்லை.