இடிச்ச கக்கூசும் வெறுங்குப்பியும்

கொரோனா என்ரை மனுசனைக் கொல்லேல்லை. அயல்தான் அவரைக் கொல்லப் பாத்தது. இதைப் புங்குடுதீவிலை ஆரின்ரை முகத்துக்கு நேரையும் நான் சொல்லுவன்.

சிகிச்சை நிலையத்திலை கிடந்திட்டு அவர் வீட்டை வரேக்கை தொண்டையிலை கிருமி இல்லை. ஆனால் வயித்தாலை போறது நிக்கேல்லை. அதாலை ஆஸ்பத்திரிக்காரர் மலத்தையும் சலத்தையும் சோதிக்கக் கேட்டவை. மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் குப்பியள் தந்தவை. இவர் பெரிய கூச்சக்காரன். எனக்கு முன்னாலை சேட்டுக் கழட்டவே யோசிக்கிற ஆள். குப்பியைப் பேப்பரிலை சுத்தி, அதுக்கு மேலை சீலைத் துண்டாலை சுத்தி, நகைப்பெட்டி மாதிரித் தந்தார்.

சோதனை மறுமொழியோடை வந்த சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள்ளை கால் வைக்கப் பயந்து ஒழுங்கையிலை நிண்டு கத்தினார்.

"அக்கா, சலத்திலை ஒண்டுமில்லை! மலத்திலை இன்னும் கிருமி காட்டுது! அது செத்த கிருமியாயும் இருக்கலாம், பயப்பிடாதேங்கோ. கக்கூசுக்குப் புளீச்சிங் பவுடர் போடுங்கோ, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ. திரும்ப ஒருக்கா எடுப்பம். அதிலையும் இல்லையெண்டால் கிருமி இல்லையெண்டு எழுதித் துண்டு தாறன்."

"மலத்திலை கிருமி" எண்டது மட்டும் ஒழுங்கை முழுக்கக் கேட்டுது. மிச்சத்தை ஆர் காது குடுத்துக் கேட்டது?

எங்கடை வளவிலை எங்கை தோண்டினாலும் உவர்தான். நல்ல தண்ணி பக்கத்து வளவு அண்ணையின்ரை எல்லைக்குள்ளை இருக்கிற பங்குக் கிணத்திலைதான். காணி உறுதிப் பத்திரத்திலை எங்களுக்கும் பங்கிருக்கு. அண்டு பின்னேரமே கிணத்தடிப் படலைக்கு முள்ளுக் கட்டியாச்சு. துண்டு வந்தால்தான் அவிழ்ப்பினமாம். விடியக் காலமை அண்ணை நாலைஞ்சு பேரையும் இடிக்கிற அலவாங்கையும் கொண்டு எங்கடை வளவுக்குள்ளை வந்திட்டார். எங்கடை கக்கூசுக் கிடங்கிலையிருந்து கிருமி கிணத்துக்கு ஊறுதாம்.

"அண்ணை, கிடங்கு கொங்கிறீற் போட்டு மூடினது. ஊறாது," எண்டு இவர் வாசலிலை வந்து நிண்டு சொன்னார். கதைக்கவே மூச்சு வாங்கிச்சுது.

"நீ கதையாதை!" எண்டு அண்ணை பிடிச்சுத் தள்ளினார். இவற்றை தலை கதவு நிலையிலை மோதிச்சுது. கண்ணுக்குள்ளை ரத்தம் வடிய அதிலேயே குந்தீட்டார். அங்காலை மற்றவை சுவரிலை அலவாங்கு போட்டாச்சு. சுவர் சரிஞ்சுது, கக்கூசுக் கோப்பை சிதறிச்சுது, கிடங்குக்குள்ளை கல்லு விழுந்துது. நான் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடினன். ஒருத்தன் கையை முறுக்கிக் கத்தியைப் பறிச்செறிஞ்சான். சிரிச்சாங்கள், படுபாவியள்.

சன்னல் கட்டிலை ரெண்டாஞ் சோதனைக்கு அண்டைக்குக் குடுக்க வைச்சிருந்த மலக்குப்பி இருந்துது. சீலைத் துண்டைப் பிச்செறிஞ்சன், மூடியைத் திறந்தன்.

"வாங்கோடா! கிருமிதானே தேடி வந்தனீங்கள்? இந்தா!"

கத்திக்குச் சிரிச்சவங்கள் வேலி பாஞ்சு ஓடினாங்கள். அண்ணை ஓட முந்தி அவற்றை நெஞ்சிலை எறிஞ்சன். ஐயோ ஐயோ எண்டு குளறிக்கொண்டு அவர் நேரே எங்கை ஓடினவர் தெரியுமே? பங்குக் கிணத்தடிக்கு! முள்ளைப் பிடுங்கி எறிஞ்சு, அந்தச் சேட்டோடை நிண்டு வாளி வாளியாய் அள்ளி வாத்தார். எங்கடை கிடங்கிலையிருந்து போகாததை அவரே சுமந்துகொண்டு போனார். எறிஞ்சதுக்கு எனக்கு இண்டைக்கும் கவலை இல்லை.

ஆனால் சோதனைக்கு வைச்சது போட்டுது. கக்கூசும் போட்டுது. சுகாதாரப் பரிசோதகர் அனுப்பின பவுசர் லொறித் தண்ணியிலை சீவிச்சம். இவர் விளாத்திப் பத்தைக்குள்ளை போகவேண்டி வந்துது. ஒரு நாள் வேலிக்கு வெளியாலை ஆரோ போனிலை படம் பிடிச்சுச் சிரிச்சது இவருக்குக் கேட்டிட்டுது. அண்டையோடை மனுசன் சாப்பாட்டை விட்டிட்டார். பாண் வேண்டாம், கஞ்சி வேண்டாம், தண்ணியிலையும் ஒரு மிடறுதான். பசிக்கேல்லை எண்டு சொன்னார். எனக்குத் தெரியும். உள்ளுக்குப் போகாட்டி வெளியாலை போகத் தேவையில்லை. ரா முழுக்க அவற்றை விலாவைத் தடவித் தடவி அழுதன்.

திரும்பக் குப்பி வந்துது. குடுக்க இவரிட்டை ஒண்டுமில்லை. வெறுங்குப்பியாய்த் திரும்பிப் போச்சு. துண்டு வரேல்லை.

அண்ணை வேலிக்கு அங்காலை நிண்டு, "என்ன பிள்ளை, இன்னும் துண்டு வரேல்லையோ?" எண்டு கேட்டார். துண்டு வருமட்டும் அந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்க அவற்றை வீட்டிலையும் ஒருத்தரும் துணியேல்லையாம். எனக்குப் பத்தி எரிஞ்சுது.

"அந்த மனுசன் பட்டினி கிடக்குது, வெளியாலை போக வெக்கப்பட்டு! இடிச்ச கக்கூசைக் கட்டித் தாங்கோ. துண்டு தானா வரும்."

 அடுத்த நாள் அண்ணை கல்லும் சீமெந்தும் கொண்டு தனிய வந்தார். அவை விட்டிட்டுப் போன அலவாங்கை மடியிலை வைச்சுக்கொண்டு நான் படியிலை இருந்தன். வா எண்டு சொல்லேல்லை, கதிரை குடுக்கேல்லை, தேத்தண்ணியும் குடுக்கேல்லை. கிடங்கிலை கிடந்த கல்லை அவரே ஒவ்வொண்டாய் எடுத்தார்.

சுவர் இடுப்பளவுக்கு வந்திருக்கும். வீட்டுக்குள்ளையிருந்து இவற்றை குரல் கேட்டுது.

"இஞ்சேரும், கொஞ்சம் கஞ்சி காய்ச்சுவீரோ?"