வெடிக்கும் வில்லைகள்

என் கணவருடைய வலது கை வெந்த அன்றைக்குத்தான், நான் கம்பஸில் என்ன வேலை செய்கிறேன் என்று முதன்முதலாகக் கேட்டார். எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருசம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் கடற்றொழில் செய்கிறவர். நான் ஒவ்வொரு நாளும் நாரந்தனையில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், பல்கலைக்கழகத்தில் பற்றரி ஆராய்ச்சி செய்கிறவள்.

படகில் விளக்குக்கென்று ஒரு லிதியம் பற்றரி வைத்திருந்தார். அலையடித்து உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்க வேண்டும். சூடேறிப் புகையத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கான். யோசிக்க நேரமில்லை, வெறுங்கையால் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டி வந்தபிறகு, குசினியில் கதிரையைப் போட்டு அவரை இருத்தி, சோறு குழைத்து வாயில் தீத்தினேன்.

"இஞ்சாரும், நீரும் இந்தச் சாமானோடைதானே வேலை?"

"ஓம்."

"உமக்கும் இப்பிடி நெருப்புப் பிடிச்சா?"

வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு என் கையைப் பற்றி யோசிக்கிறார்.

"நெருப்புப் பிடிக்காத மாதிரிச் செய்யத்தான் பாக்கிறம்," என்றேன். "உங்கடை பற்றரிக்குள்ளை இருக்கிறது ஒரு திரவம். அதுக்குள்ளாலைதான் லிதியம் போய்வரும். அது எரியக்கூடியது. நாங்கள் அதுக்குப் பதிலாப் பீங்கான் மாதிரி ஒரு வில்லை வைக்கப் பாக்கிறம். பீங்கான் எரியாதெல்லோ."

"பீங்கானுக்குள்ளாலை எப்பிடிப் போகும்?"

"கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கு. லிதியம் சின்னன், பூந்து போகும்."

"அப்ப ஏன் இன்னும் கடையிலை இல்லை?"

"வெடிச்சுப் போகுது."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஐயோ, அந்த வெடி இல்லை. கோப்பை வெடிக்கிற மாதிரி, கீறல் விழுது."

அன்றைக்கு முதல்தடவையாக இரண்டு பேரும் சிரித்தோம்.

கை ஆறும்வரை தொழிலுக்குப் போக ஏலாது. வீட்டிலிருந்து அலுத்துப்போய் ஒருநாள் என்னோடு பஸ் ஏறினார். ஆய்வுகூடத்தில் உலையைத் திறந்து வில்லைகளை எடுத்தேன். வெள்ளையாக, சட்டைப் பொத்தான் அளவில். ஒன்றுகூட மிஞ்சாமல் எல்லாம் வெடித்திருந்தன. தூள் அரைத்து, அழுத்தி, இரவிரவாகச் சுட்டு எடுத்தவை. வழக்கமாகக் கட்டடத்துக்குப் பின்னால் போய்த்தான் அழுவேன். அன்றைக்கு அவருக்கு முன்னாலேயே கண்ணீர் வந்துவிட்டது.

அவர் துண்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர் குளிர் அறையிலை இருந்து எழுதிப்போட்டு வாறனீர் எண்டுதான் நினைச்சனான்."

"நானும் உங்களைப் பற்றி ஒண்டும் கேட்டதில்லை. நீங்கள் கடலுக்குப் பயப்பிடாத ஆள் எண்டு நினைச்சனான்."

"பயமில்லாமலோ? அது புகைஞ்ச நேரம் உம்மைத்தான் நினைச்சனான்," என்றார் மெதுவாக.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். பஸ் தூக்கிப்போடும் போதெல்லாம் அவருடைய கட்டுப்போட்ட கையை ஏந்திப் பிடித்துக்கொண்டேன்.

கை ஆறி அவர் கடலுக்குப் போகத் தொடங்கிக் கன மாதத்துக்குப் பிறகு, சூடாக்கும் முறையை மாற்றிப் பார்த்ததில் ஒரு வில்லை முழுசாக வந்தது. அதை வைத்து ஒரு சின்னப் பற்றரிக் கலம் கட்டினேன். சார்ஜ் ஏறியது. உடனே அவருக்குப் போன் எடுத்தேன்.

"விளக்கு எரியுதோ?" கடற்கரைக் காற்றோடு அவருடைய குரல்.

"விளக்கெல்லாம் இல்லை. கொம்பியூட்டரிலை ஒரு கோடு. ஏறி இறங்கி, திரும்ப ஏறுது."

"ஏறி இறங்கினா நல்லதோ?"

"நல்லது. பற்றரி வேலை செய்யுது எண்டு அர்த்தம்."

பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் கத்திச் சொன்னது கேட்டது: "மனிசியின்ரை கோடு ஏறி இறங்குதாம்!" யாருக்கும் விளங்கியிராது. ஆனாலும் ஒருவர் விசிலடித்தார்.

அந்தக் கலம் நெடுக நிற்கவில்லை. லிதியம் நூல்போல வளர்ந்து வில்லையைத் துளைத்துவிட்டது. அது பழுதான அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் என் பையை வாங்கி வைத்தார்.

"நாளைக்கும் போவீரோ?"

"ஓம்."

"அப்ப வெள்ளனப் படுப்பம். எனக்கும் விடியத் தொழில்."