காதால் ஓட்டிய மலைப்பாதை: பாரூக் நானாவின் நினைவாக

செய்தி வந்தபோது நான் ஹட்டன் சந்தையில் லீக்ஸ் வாங்கிக்கொண்டிருந்தேன். ராகலையிலிருந்து எங்கள் பழைய கூட்டாளி சேகர் ஃபோனில் பேசினார். மழை, பாதை, பஸ் என்று சுற்றிவிட்டே விஷயத்துக்கு வருகிறவர், அன்று எடுத்த எடுப்பில், "அக்கா, நானா போயிட்டாங்க. இன்னைக்கே அடக்கமாம்" என்றார். மரக்கறிப் பையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு நோர்வூட் பஸ்ஸில் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை, அவருடைய உடலை, இன்னும் தூக்கியிருக்கவில்லை. வாசலில் ஆண்கள் கூட்டம். உள்ளே நானாவின் மனைவி சித்தி ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சுபஹு தொழுகைக்கு எழும்பினாரு. தேத்தண்ணி கேட்டாரு. கொண்டு வாறதுக்குள்ள போயிட்டாரு" என்று மெல்லச் சொன்னார். அவர் முகத்தில் துக்கம் இருந்தது, கலக்கம் இல்லை. நல்லபடியாக வாழ்ந்து முடித்த மனிதரின் வீடு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அண்ணன் முறையில் அவர் நானா. நோர்வூட்டில் வயதானவர்களுக்கு 'ரேடியோ பாரூக்'. இளையவர்களுக்கு ஃபோன் கடைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர். பழைய கணினிகளுக்கான நம் இணையக் குழுவில் இதை வாசிக்கும் பலருக்கு அவர் ஒரு குரல் மட்டுமே. அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் அப்போது ஓர் உப தபாலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வளைகுடாவில் இருந்த அண்ணன், கையடக்கமான ஒரு கணினியை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ரப்பர் விசைகள், தொலைக்காட்சியோடு இணைக்க ஒரு வயர், புரோகிராம்கள் பதிந்த இரண்டு கெசட் நாடா. கெசட்டை ஓடவிட்டால் கீச்சென்ற சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கணினி வாங்கிக்கொண்டு புரோகிராமாக மாற்ற வேண்டும். எனக்கு மாறவேயில்லை. கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அதை விளையாட்டுச் சாமான் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அதே மாதிரி ஒன்று ரேடியோக் கடை நானாவிடமும் இருக்கிறது என்று தபால் கொண்டுபோகிறவர் சொன்னார். சீலைப் பையில் கணினியைச் சுற்றிக்கொண்டு போனேன்.

அவர் ஒரு ரேடியோவின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். புரோகிராம் ஏறவில்லை என்றேன். நிமிராமலே, "திரையில என்ன எழுதியிருந்திச்சி?" என்று கேட்டார். ஏதோ பிழை என்று வந்தது என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"ஏதோன்னு அது எழுதாது தங்கச்சி. எழுதினத அப்படியே சொல்லுங்க."

என்னால் சொல்ல முடியவில்லை. கடையிலிருந்த சின்ன டீவியில் என் கணினியைப் பூட்டி, பிழையை மறுபடி வரவழைத்து, என்னை வாசிக்க வைத்தார். பிறகு கெசட் ரெக்கார்டரில் நாடாவைத் தொட்டு வாசிக்கும் தலையின் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். சத்தம் மாறிக்கொண்டே வந்தது. "காதக் குத்தணும். மூக்கடைச்ச மாதிரி கேட்டா அது ஏறாது" என்றார். சத்தம் காதைக் குத்தியதும் கையை எடுத்தார். புரோகிராம் ஏறியது. ஒரு பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு வரும்போது இன்னொரு நல்ல கேள்வியோடு வரச் சொன்னார்.

அப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. அதே மாதிரிக் கணினி வைத்திருந்த சேகர் ராகலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அவருடைய அப்பா கொழும்புக்கு மரக்கறி லொறி அனுப்புகிறவர். கொழும்பிலிருந்து திரும்பும் லொறியில் கணினிச் சஞ்சிகைகள் வந்து சேரும். அவற்றிலிருக்கும் புரோகிராம்களை வரி வரியாகத் தட்டுவோம். பாதியில் பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் ரோலர் ஓடத் தொடங்கும். பஜாரில் விளக்குகள் மங்கும். அவ்வளவுதான், தட்டியதெல்லாம் போய்விடும். ஈரத்தில் கெசட் பூஞ்சணம் பிடிக்கும். அதை அரிசி டின்னுக்குள் புதைத்து வைக்கச் சொன்னவர் சித்தி ராத்தா. மலைநாட்டுக்கு என்று எந்தக் கைநூலும் எழுதாத யோசனைகளை அந்தக் கடையில்தான் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டோம்.

நானாவின் யோசனை எப்போதும் சரியாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். நினைவகத்தைக் கூட்ட வேண்டும் என்று சேகர் ஒருமுறை ஆசைப்பட்டார். முடியும் என்றார் நானா. தானே ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை எடுத்துப் புதிய நினைவகச் சில்லைப் பற்றவைத்தார். மின்சாரம் கொடுத்ததும் ஒரு கருகல் வாடை வந்தது. சேகரின் கணினி செத்துப்போனது. சேகர் அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மறுநாள் நானா தன்னுடைய கணினியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ராகலைக்குப் போனார். வாசலில் நின்றபடியே, "தெரியும்னு சொன்னேன். தெரியல. இது இனி உங்களோடது" என்று கொடுத்துவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார் என்று சேகர் இன்றைக்கும் சொல்வார்.

அதற்குப் பிறகு நெடுங்காலம் அவரிடம் சொந்தமாகக் கணினி இருக்கவில்லை. ஆனாலும் ஞாயிறு தவறவில்லை. கடையில் வேலை செய்துகொண்டே மனதுக்குள் புரோகிராம் எழுதுவார். நாங்கள் வந்ததும் வரிகளைச் சொல்வார், நாங்கள் தட்டுவோம். எந்த வரியில் என்ன இருக்கிறது என்பது முழுவதும் அவர் தலைக்குள் இருக்கும். முந்தைய வாரத்து வரியைக் கேட்டாலும் ஒப்புவிப்பார்.

வருடங்கள் ஓடின. எனக்குக் கல்யாணமாகி ஹட்டனுக்கு வந்தேன். சேகர் அப்பாவின் தொழிலை எடுத்துக்கொண்டார். ரேடியோக் கடை, டீவிக் கடையாகி, ஃபோன் கடையாகியது. பழைய கணினிகள் அலுமாரிக்கு மேலே போயின. நாங்கள் பெருநாளைக்கும் தீபாவளிக்கும் பார்த்துக்கொள்கிறவர்களாக ஆனோம்.

நானாவுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு இருந்தது. அது கண்ணைப் பிடித்தது. கண்டிக்கும் கொழும்புக்குமாக அலைந்தார்கள். ஒரு கண் போய், மற்றதும் போனது. கடையை மகன் எடுத்துக்கொண்டார். நானா உள்ளறையில் படுத்துவிட்டார். பிறகொரு நாள் ராத்தா என்னோடு ஃபோனில் பேசினார். நானா ரேடியோவையும் போட விடுகிறாரில்லை, சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறார், ஊசி போட வந்தால் கையை இழுத்துக்கொள்கிறார் என்றார். "எனக்கு இனி என்னத்துக்குன்னு கேக்குறாரு கமலா. நான் என்ன பதில் சொல்ல?"

நானும் சேகரும் போனோம். அலுமாரிக்கு மேலிருந்த என் கணினியைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு, பழையபடி உட்கார்ந்து பேசலாம் என்ற எண்ணத்தில் போனோம். நானா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நாங்கள் மேசையில் சாமான் வைக்கும் சத்தத்தைக் கேட்டார்.

"கண்ணில்லாதவனுக்கு டீவி காட்ட வந்தீங்களா?" என்றார். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். கணினியை மறுபடி பையில் போட்டுக்கொண்டு திரும்பினோம்.

ஆனால் அவர் சொன்னது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. திரை வேண்டாம் என்றால் எதை வைத்து அந்தக் கணினி அவரோடு பேசும்? அதற்கு இருக்கும் ஒரே குரல் 'பீப்' என்கிற சத்தம். தபாலகத்தில் சேர்ந்த காலத்தில் தந்திக் குறிகள் படித்தவள் நான். குட்டை ஒலி, நெட்டை ஒலி, இரண்டையும் சேர்த்தால் எந்த எழுத்தையும் சொல்லிவிடலாம். திரையில் வரும் ஒவ்வோர் எழுத்தையும் கணினியே தந்தியாக அடித்துக் காட்டினால்? அந்தப் புரோகிராமை எழுதத் தொடங்கினேன். விரல்கள் மறந்துபோயிருந்தன. ஒரு மாதிரி எழுதி முடித்தால், அது பாதி எழுத்தை விழுங்கிக்கொண்டு திக்கித் திக்கிப் பேசியது. எங்கே பிழை என்று பிடிபடவில்லை. சேகருக்கும் தெரியவில்லை. உண்மையிலேயே மாட்டிக்கொண்டேன்.

ராத்தாவுக்குப் பேசி, ஃபோனை நானாவின் காதருகே வைக்கச் சொன்னேன். புரோகிராம் ஒன்று எழுதுகிறேன், ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது என்றேன்.

"முதல் வரியிலிருந்து வாசிங்க" என்றார் நானா.

வாசித்தேன். இடையில் நிறுத்துவார், முன்னால் போன வரியைக் கேட்பார், மேலே போகச் சொல்வார். எதற்காக இந்தச் சத்தமெல்லாம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒலிக்கும் நேரத்தை வேறிடத்தில் கணக்கிடச் சொல்லி வரிகளை மாற்றினார். மாற்றி ஓடவிட்டு, ஃபோனைக் கணினிக்குப் பக்கத்தில் பிடித்தேன். அது நிதானமாக அடித்தது. என்ன சொல்கிறது என்று கேட்டார். "பாரூக் நானா என்று சொல்கிறது" என்றேன். இன்னொரு முறை ஓடவிடச் சொல்லிக் கேட்டார். பிறகு, "எனக்கு இந்தத் தந்தி பாஷை தெரியாதே தங்கச்சி. சொல்லித் தருவீங்களா?" என்றார்.

அடுத்த ஞாயிறு போனபோது அவர் சட்டை மாற்றி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ராத்தா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். காலையில் ஊசி போட்டுக்கொண்டாராம்.

தந்திக் குறிகள் அவருக்கு எளிதில் வரவில்லை. எழுத்துகளைக் குழப்பிக்கொள்வார், எரிச்சல்படுவார், மேசையில் தட்டித் தட்டிப் பழகுவார். மாதங்கள் போயின. ஒருநாள் நான் உள்ளே நுழையும்போதே கணினி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கே பிடிக்க முடியாத வேகம். அவர் அதோடு பேசிக்கொண்டிருந்தார். சேகரின் மகள் ஃபோனில் தமிழில் வாசித்துக்காட்டும் வசதியைப் போட்டுக் கொடுத்த பிறகு, நானா நம் குழுவுக்குள்ளும் வந்தார். அந்த ஃபோன் குரலைப் பற்றி, "செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசுது. வீட்டுல யாரு இப்படிப் பேசுவாங்க?" என்று குறைபட்டுக்கொண்டேதான் எல்லாவற்றையும் கேட்டார். யாராவது கெசட் ஏறவில்லை என்று எழுதினால், "சத்தத்த அனுப்புங்க" என்பார். வந்த ஒலியைக் கேட்டுவிட்டு என்ன செய்யலாம் என்று சொல்வார். தெரியாவிட்டால், தெரியாது, யோசித்துப் பார்ப்போம் என்று அதையும் சொல்வார். உங்களில் பலருக்கு அவர் அறிமுகமானது அப்படித்தான்.

அந்த நாட்களில்தான் அவர் அந்த விளையாட்டைச் செய்தார். திரையே தேவையில்லாத விளையாட்டு. நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கு லொறி ஓட்ட வேண்டும். உயர்ந்த ஒலி வந்தால் இடது வளைவு, தாழ்ந்த ஒலி வந்தால் வலது. ஒலி நெருங்கும்போது அதற்குரிய விசையை அழுத்தாவிட்டால் பள்ளத்தில் விழ வேண்டியதுதான். வளைவுகள் நிஜமானவையாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கண் போன பிறகு வீட்டைவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தவிர எங்கும் போகாதவர், பஸ்ஸில் போவோம் என்றார். அவர் என் தோளில் கை வைத்துப் படியேறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திரும்புவதற்கு முன்பே "இடது", "வலது" என்று சொல்லிக்கொண்டு வந்தார். டிக்கோயா தாண்டியபோது கண்டக்டர் பக்கத்தில் வந்து, "ஐயா எறங்கணுமா?" என்று கேட்டார். "இல்ல தம்பி, ஓட்டிக்கிட்டுப் போறேன்" என்றார் நானா. முன் இருக்கையில் இருந்த கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் சிரித்துவிட்டு, அடுத்த வளைவை அவரோடு சேர்ந்து சொன்னார். ஹட்டன் வருவதற்குள் அந்தப் பக்கத்து இருக்கைகள் எல்லாம் சொல்லத் தொடங்கியிருந்தன. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

அந்த விளையாட்டைக் குழுவில் போட்டோம். நோர்வூட்டைக் கண்ணால் கண்டிராதவர்கள், எங்கெங்கோ தேசத்தில் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் பாதையில் லொறி ஓட்டினார்கள். பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் ஒரு பாடசாலையிலிருந்து ஓர் ஆசிரியை குரல் அனுப்பியிருந்தார். பின்னணியில் பிள்ளைகள் யார் முதலில் ஹட்டன் போவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நானா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு அவர்களுக்காக, இன்னும் கடினமான இறம்பொடை மலைப்பாதையின் வளைவுகளையும் செய்யத் தொடங்கினார். அது பாதியில் நிற்கிறது. மீதியைச் சேகரும் அவர் மகளும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வளைவுகளைக் குறித்துக்கொண்டு வருவதற்காகப் போன வாரம் புறப்பட்டுப் போனார்கள்.

அவரிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று இந்த நாட்களில் யோசித்தேன். உதவி செய்வது அவருக்கு எப்போதும் கைவந்தது. அதில் அவரைப் போல இன்னும் சிலரை நான் பார்த்திருக்கிறேன். உதவியை வாங்கிக்கொள்வது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும் அளவுக்குக் கஷ்டமாக இருந்தது. அதைத் தள்ளாத வயதில், கண்ணில்லாமல், எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டார். சொல்லித் தருவீர்களா என்று கேட்ட அந்த ஒரு கேள்விதான் அவரை எங்களுக்குத் திருப்பித் தந்தது. அதைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு முழங்காலில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டொக்டர் சொல்லி நாளாகிறது. கண்டியில் இருக்கும் மகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று மறைத்து வைத்திருந்தேன். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று இரவே அவளுக்குப் பேசினேன். "கொஞ்ச நாளைக்கு வந்து எங்கூட இருக்கிறியா?" என்று கேட்டேன். சனிக்கிழமை வருகிறாள்.