கணினி தூங்காமலிருக்க ஒரு கல்யாண வீடியோ

என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ள முடியாமல் போனதற்கு எங்கள் கல்யாண வீடியோதான் காரணம் என்று சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

வருசநாட்டு மலையில் பெய்கிற மழையில் எவ்வளவு வைகைக்கு வந்து சேர்கிறது என்பதுதான் என் ஆய்வு. நடுவில் கல்யாணம், குழந்தை, மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று இழுத்துக்கொண்டே போய்விட்டது. பதிவுக் காலத்தை இரண்டு தடவை நீட்டித்தாயிற்று. இனி நீட்டிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை மாலைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். எழுத்து வேலை முடிந்திருந்தது. கடைசி நேரத்தில் நெறியாளர் ஒரு பிழையைக் கண்டுபிடித்து, மழைக் கணக்கை மட்டும் கணினியில் மறுபடி ஓட்டச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கினால் ஞாயிறு இரவு முடியும். நடுநடுவே சேமித்துக்கொள்கிற மாதிரி நிரலை எழுதியிருக்கலாம். எனக்கு எழுதத் தெரியவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

மடிக்கணினி கல்லூரியுடையது. பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும். அது தூங்கினால் கணக்கும் நின்றுவிடும். அதை மாற்ற முடியாதபடி கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். வீடியோ ஓடினால் தூங்காது. வீட்டில் நீளமான வீடியோ ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பென்டிரைவில் கிடந்த எங்கள் கல்யாணம், மூன்றரை மணி நேரம். சத்தத்தை அமுக்கி, திரும்பத் திரும்ப ஓடும்படி விட்டேன். சூடாகிறதே, காற்று படட்டும் என்று மேசையைத் தெருப்பக்கத்துச் சன்னலோரம் போட்டேன். யாரும் தொடவேண்டாம் என்று ஒரு காகிதமும் எழுதி ஒட்டினேன்.

அந்த இரண்டு நாளில் என் கழுத்தில் பத்துப் பதினைந்து தடவை தாலி ஏறியது. அடுப்படியிலிருந்து முன்னறைக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு சடங்கு கண்ணில் படும். தாலி கட்டி முடித்ததும் மாமனார் மைக்கை வாங்கிப் பேசுகிற இடம் ஒன்று உண்டு. "மருமக படிப்ப நாங்க முடிக்க வைப்போம். எங்க குடும்பத்துல மொத டாக்டர் பட்டம் அதுதேன் வாங்கும்" என்பார். மண்டபமே கை தட்டும். மாமனார் இப்போது இல்லை. ஆனால் சத்தமில்லாமலே அந்த வாயசைவு எனக்கு மனப்பாடம்.

ஞாயிறு காலை எதிர்வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் எடுக்கிறவரை எந்த வீட்டிலும் டிவி ஓடாது. எனக்கும் தெரியும். டிவி என்றுதான் நினைத்தேனே தவிர மேசையில் இருந்ததை நினைக்கவில்லை. கணக்கு எண்பது சதவீதத்தைத் தாண்டியிருந்தது. நான் எதிர்வீட்டுக்குப் போய்விட்டேன்.

அங்கே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். வாசல் வழியே எங்கள் வீட்டுச் சன்னலும், அதற்குள் என் முகூர்த்தப் பட்டின் சிவப்பு திரையில் அசைவதும் தெரிந்தன. அது அசைகிறவரை கணக்கு ஓடுகிறது. சுற்றிலும் மாரடித்து அழுதுகொண்டிருக்க, வெட்கமில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நீர்மாலைக்குத் தண்ணீர் எடுத்து வந்து பெரியவரைக் குளிப்பாட்டுகிற நேரத்தில் அந்தச் சிவப்பு போய்விட்டது. சன்னல் கருத்துக் கிடந்தது.

எழுந்து போக முடியாது. பிணத்தை எடுக்கிற நேரத்தில் எழுந்தால் தெருவே பேசும். உட்கார்ந்த இடத்திலேயே விக்கி விக்கி அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"பாருங்கத்தா, பெத்த மக மாதிரியில்ல அழுகுறா."

எடுத்ததும் வீட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்பே திரும்பியிருந்த மாமியார் வாசலிலேயே மறித்தார்.

"தொடாத ஆத்தா, குளிச்சிட்டு வந்து தொடு. நாந்தேன் ஒம் புருசன அமத்தச் சொன்னேன். வந்தவுக எல்லாம் சன்னல் வழியா பாத்துட்டுப் போறாக. அங்கன பொணம் கெடக்கு, இங்கன தாலி கட்டுற படம் ஓடுது. என்ன நெனைப்பாக?"

அவர் சொன்னதில் தப்பில்லை. வீடியோவை மட்டும் மூடியிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து திறந்து பார்த்தேன். கணவர் கணினியையே முழுவதுமாக அணைத்திருந்தார். கணக்கின் கோப்பு காலியாக இருந்தது.

என் கணவர் தேனியில் ஓர் அலுவலகத்தில் நாளெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். சுடுகாட்டிலிருந்து வந்து, குளித்து, தலை துவட்டுகிறவரை பொறுத்திருந்து கேட்டேன்.

"அமத்தும்போது அது ஒண்ணு கேட்டிருக்குமே. வேலை ஓடிக்கிட்டிருக்கு, இருந்தாலும் நிறுத்தவான்னு."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு துடைத்தார்.

"கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீக?"

"கேத வீட்டுலருந்து வந்தவன நிக்க வச்சு கேள்வி கேக்குற. மறுபடி போட்டுவிடு, ஓடிட்டுப் போகுது. பட்டம் வாங்கி என்ன பண்ணப்போற, எப்படியும் இந்த வீட்டுலதான இருக்கப்போற?"

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். கணினிகூட ஒரு வார்த்தை கேட்டிருக்கிறது. ஆறு வருடத்தில் இவர் என்னை ஒரு நாளும் கேட்டதில்லை.

மறுபடி போட்டேன். புதன்கிழமைதான் முடியும், திங்களோடு என் பதிவு செத்துப்போகும் என்று தெரிந்தேதான் போட்டேன். வீம்பு. பொத்தானை அழுத்தியதும் கணக்கு சுழியத்தில் வந்து நின்றது. கணினி தூங்காமலிருக்க வேண்டுமே என்று கல்யாண வீடியோவையும் திறந்தேன். விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று கேட்டது. சரி என்றேன். கல்யாணம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. மாமனார் மைக்கைக் கையில் வாங்கினார். மண்டபமே கை தட்டியது.