மனுவேலுக்கு வந்த மாலைகள்

என் சின்னம்மா மகள் கித்தேரியம்மாள் கொடைக்கானலில் ஒரு ஓட்டல் சமையற்கட்டில் காய் நறுக்குகிறாள். சோறு போடுவது அந்த வேலை; பேர் வாங்கித் தந்தது ஒப்பாரி. கீழ்மலையின் ஆற்றோரத்து ஊர்களில், எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீட்டில் சாவு விழுந்தாலும் அவளுக்குப் போன் வந்துவிடும். செத்தவருக்குப் பிடித்த குழம்பு வரைக்கும் பாட்டில் வைப்பாள். ஆனால் சாவு வீட்டுக்குப் போகும் வழியில் வாய் திறக்க மாட்டாள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அது அவள் பழக்கம், மலைக்கே தெரியும்.

போன தை மாசம், அவளோடு கூடப்பிறந்த அண்ணன் மனுவேல் பாச்சலூரில் நெஞ்சுச் சளியோடு படுத்துவிட்டான். கொடைக்கானலில் ஜீப் ஓட்டும் மகன் டெனிஸுக்குப் போன் போட்டு, "ஒன் அத்தையக் கூட்டியாடா. எனக்கு என்ன பாடுவான்னு இப்பவே கேக்கணும். செத்த பொறகு காதா கேக்கும்?" என்றிருக்கிறான்.

கித்தேரி நடுங்கிப்போனாள். உயிரோடு இருப்பவரைப் பாடினால் உயிர் தங்காது என்று நம்புகிறவள். பாடாமல் விட்டு, அண்ணன் அந்த ஏக்கத்தோடு போய்விட்டால்? அந்த யோசனையோடு ஜீப்பில் ஏறியவள் ஒரு வார்த்தை பேசவில்லை. துணைக்கு நானும் போனேன்.

ஆற்றோரம் வளைவுக்கு வளைவு அவள் பாடிய வீடு ஒன்று வரும்.

"இந்தா பாருடி, மிளகுக்கொடி வீடு. அந்தாளு சீட்டாட்டத்தப் பாடி, அழுத சனத்தையே சிரிக்க வச்சியே!" என்றேன்.

ம்கூம்.

தாண்டிக்குடியில் டீக்கடைக் கந்தவேல் ஓடிவந்து கிளாஸை நீட்டினார். கித்தேரி வேண்டாமென்று தலையசைத்தாள். அவர் அவளைப் பார்த்தார். சவரம் செய்யாத டெனிஸைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

பாச்சலூரில் இறங்கினால் மனுவேல் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். ஆளாளுக்குக் கையில் மாலை. உள்ளே கட்டிலில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறான் மனுவேல்:

"எவன்டா என்னையக் கொன்னது?"

"கித்தேரியம்மா டீ குடிக்கலைன்னு கந்தவேலண்ணன் போன் போட்டாருங்க" என்றார் மாலைக்காரர் ஒருவர், மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடி.

மனுவேலுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்தே வந்தன. "ஏ கித்தேரி, மாலையும் வந்துருச்சு, சனமும் வந்துருச்சு. பாட்டு ஒண்ணுதான் பாக்கி."

கித்தேரி கட்டிலடியில் உட்கார்ந்தாள்.

"ஆத்துத் தண்ணி அலையடிக்க அண்ணன் தோளில் ஏத்திவச்சே,
கரையேத்தி விட்டுப்புட்டு..."

'போனியே' என்றுதான் அந்த அடி முடியும். அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டாள். அடுத்து, அவள் வளர்த்த சேவலை அவன் தின்ற கதையைப் பாடினாள்.

"ஏ புள்ள, அதத் தின்னது ஒன் புருசன்!" என்றான் மனுவேல்.

அந்த அடியிலும் 'போனியே' வரவில்லை. எந்த அடியிலுமே வரவில்லை. பாடி முடித்து மூக்கைச் சிந்தினாள்.

"கடைசி வார்த்தைய எங்க புள்ள?"

"அது எங்கிட்டயே கெடக்கட்டும்ணே" என்றவள், டெனிஸின் பெண்டாட்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏம்மா ஷைலா, வெரசா ஒரு டீ போடு. சீனி தூக்கலா."