தேயிலைக் காய்ப் பதக்கம்

அரக்கு உருகும் வாசனைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இலங்கை மலைநாட்டில் ரயில் இன்னும் பதுளைக்கு வராமல் பண்டாரவளையோடு நின்ற காலம் அது. பதுளைக் கடைவீதியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பட்டறையில் என் வீட்டுக்காரர், காய்ச்சலோடு, போர்த்திய கம்பளியோடு, காதுக் கம்மலில் கல் பதித்துக்கொண்டிருந்தார்.

தங்க விளிம்பை அழுத்திய கருவி சறுக்கியது...

டக்கென்று ஒரு சத்தம். சந்திரகாந்தக் கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

கல்லுக்குச் சொந்தக்காரர் அடுத்த தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த காசிம் நானா. மகள் கல்யாணத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. சொல்லி அனுப்பியதும் நனைந்துகொண்டே வந்தார். திட்டுவார் என்று பயந்தேன். அவரோ துண்டுகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எங்க உம்மா வெச்சிட்டுப் போன சோடி இது. மவளுக்குன்னு வெச்சிருந்தது."

யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"உடையாம இருக்கிற மத்தக் கல்ல பதக்கமா நான் செஞ்சு தர்றேன் நானா."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"தகடு அடிக்கிறது, அரத்தால ராவுறது, பொடி வெச்சு ஊதிப் பத்தவைக்கிறது, எல்லாம் இவதாங்க" என்றார் இவர். "கல்லு மட்டும் பதிச்சதில்ல. பொய் சொல்ல மாட்டேன்."

காசிம் நானா துண்டுகளை மடியில் முடிந்துகொண்டு, "செய்ங்க தங்கச்சி. கல்லுல கை வைக்க முன்னுக்கு செஞ்சத எனக்குக் காட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவர் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து வாங்கத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு நடந்தேன். வழியெல்லாம் ஒரே யோசனை. விளிம்பை அழுத்தினால்தானே கல் உடைகிறது? அழுத்தாமல் எப்படிப் பிடிப்பது?

பாதையோரம், விதைக்காக வெட்டாமல் வளரவிட்ட தேயிலை மரங்கள். கீழே விழுந்திருந்த ஒரு காய் வெடித்திருந்தது. தோல் மூன்று இதழாகப் பிரிந்து, உள்ளே உருண்டை விதை. கவிழ்த்தேன், விழவில்லை. உதறினேன், அப்போதும் விழவில்லை. இதழ்கள் அதை நெருக்கவும் இல்லை. நுனி மட்டும் உள்ளே வளைந்து, ஏந்திக்கொண்டிருந்தன.

அந்த இடத்திலேயே சிரித்துவிட்டேன். கொழுந்துக்கூடையோடு போன பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாற்றுக் குறையாத தங்கத்தை மெல்லிய தகடாக அடித்தேன். மூன்று இதழ்கள் வெட்டி, வெண்காரம் தடவி, ஊதுகுழலால் ஊதி அடியில் இணைத்தேன். முதல் கூடு உருகிப்போனது. இரண்டாவது கோணல். மூன்றாவதில் ஒரு தேயிலை விதையை வைத்து, கருவியைத் தொடாமல், மழுக்கிய மூங்கில் குச்சியால் இதழ்களைச் சாய்த்தேன். விதையில் ஒரு கீறல்கூட இல்லை.

காசிம் நானா அதை வாங்கிக் காதருகே குலுக்கினார். சத்தமே இல்லை.

"இனிக் கல்ல வைங்க" என்றார்.

அவர் கண்ணெதிரேதான் வைத்தேன். முதல் இதழ்... இரண்டாவது... மூன்றாவதைச் சாய்க்கும்போது என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். குச்சியை எடுத்தேன். கல் முழுசாக இருந்தது! ஜன்னல் பக்கம் திருப்பியபோது அதற்குள் நீல ஒளி மெதுவாக நகர்ந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கல்யாண வீட்டில் பெண்கள் மணப்பெண்ணைச் சுற்றிக்கொண்டு, "யாரு செஞ்சது? கொழும்புச் சாமானா?" என்று கேட்டார்கள்.

வாசலில் நின்ற காசிம் நானா ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "கொழும்பும் இல்ல, கண்டியும் இல்ல. நம்ம ஆசாரி வீட்டுக் காமாட்சி செஞ்சது!"

அந்த வருஷமே வெலிமடையிலிருந்தும் தெமோதரையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். காய்ச்சல் தெளிந்த என் வீட்டுக்காரர் தகடு அடித்துக் கொடுக்க, நான் கல் பதித்தேன்.

இப்போது கடைகளில் கண்ணாடிப் பெட்டி நிறையப் பதக்கங்கள், எல்லாம் ஒரே அச்சு. அழகாகத்தான் இருக்கின்றன. யார் செய்தது என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது. அன்று பதுளையில் அப்படி ஒரு பதக்கம்தான் இருந்தது... அதைச் செய்தவள் பெயர் ஊருக்கே தெரிந்திருந்தது.