அழிக்கச் சொன்ன படங்கள்

கமரா வாங்கிய புதிதில் எனக்குக் கோபமெல்லாம் அந்தக் கமரா மேல்தான். லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயம்; வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். காலையில் கதவைத் திறந்தால் பனிமூட்டம் வாசல்வரை வந்து நிற்கும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிற மூட்டம் படத்தில் அழுக்குத் தண்ணீர் மாதிரி விழுந்தது. அதற்குள் நின்றவர்களின் முகம் கரித்துண்டாக இருந்தது. கமராவோடு வந்த கையேட்டில் எல்லாப் படத்திலும் வெயில், எல்லாரும் வெள்ளைத் தோல். யூடியூப்பில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்தான் சொல்லித் தந்தார்: வெள்ளை அதிகம் உள்ள இடத்தில் கமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும், நாமாக வெளிச்சத்தைக் கூட்டி வைக்க வேண்டும். அந்தப் பொத்தானைக் கண்டுபிடிப்பதற்குள் மூட்டம் கலைந்து போயிருக்கும். ஒருநாள் கமராவைக் கட்டிலில் வீசி எறிந்தேன். பிறகு பயந்துபோய் எடுத்துத் துடைத்தேன்.

தலவாக்கலையில் ஒரு மருந்துக்கடையில் எனக்கு வேலை. அக்கா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். நான் படம் எடுக்கப் பழகுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் ரொட்டி சுட்டுக்கொண்டே சொன்னாள்.

"ரோட்டோரம் பறிக்கிறப்ப எத்தன பேரு எங்கள போட்டோ புடிச்சிட்டுப் போறாங்க. நான் எப்புடி இருக்கேன்னு ஒன்னுகூட பாத்ததில்லடி. நீ எடுத்துக் காட்டு."

அந்த வாரம் அக்காவுக்கு ரோட்டோர மலையில் வேலை. என் லீவு நாளன்று, வெளிச்சத்தை முன்கூட்டியே கூட்டி வைத்த கமராவோடு லேசான மூட்டத்துக்குள் போனேன். அக்காவும் கூட வேலை செய்கிறவர்களும் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, முதுகில் பையைத் தொங்கவிட்டு, செடிகளுக்குள் நிரையாக நின்றார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் எடுத்துக்கொண்டே போனேன். திரையில் பார்த்தபோது எல்லாமே நன்றாக வந்த மாதிரித்தான் இருந்தது.

மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கண்டாக்கு. அந்த மலை வேலையெல்லாம் அவர் பொறுப்பு.

"யாரக் கேட்டு எடுக்கிற?"

"எங்க அக்காவத்தான் எடுக்கிறேன் ஐயா. அவகிட்ட கேட்டுத்தான்."

"அக்கா எல்லாம் வீட்டுல. இங்க அது தோட்டத்து ஆளு. தொர சொல்லாம மலைக்குள்ள கமரா கொண்டாரக் கூடாது. எல்லாத்தையும் அழி."

தொர என்றது தோட்டத்து மேனேஜரை. ஆனாலும் நான் அசையவில்லை. அவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"அழிக்கலேன்னா ஒனக்கு இன்னைக்கு அரைப் பேர்தான்."

நாள் முழுக்க வேலை செய்தாலும் பாதிச் சம்பளம்தான் என்று அர்த்தம். அக்கா செடியைப் பார்த்துக்கொண்டே, "அழிச்சிருடி" என்றாள்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் அழிக்க வழி இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு முகம் வரும். அழிக்கவா என்று கமரா கேட்கும். ஆம் என்று அழுத்த வேண்டும். அவர் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் நல்ல செருப்போடு சேற்றில் நின்று, என் அக்காவின் முகத்தை நானே திரும்பத் திரும்ப அழித்தேன்.

கடைசிப் படத்தை அழிக்கும்போது ரோட்டில் ஒரு வேன் வந்து நின்றது. வெளிநாட்டுக்காரர்கள் சிலர் இறங்கி, ரோட்டோரத் தண்ணீர்க் கானைத் தாண்டி, நேராகச் செடிகளுக்குள் வந்தார்கள். அவர்கள் கழுத்தில் தொங்கிய கமராக்கள் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு இருந்தன. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கண்டாக்கு பல் தெரியச் சிரித்துக்கொண்டு விலகி வழிவிட்டார்.

அக்காவிடம், "கொஞ்சம் சிரிம்மா, வந்தவங்க எடுக்கட்டும்" என்றார்.

அக்கா சிரித்தாள். வீட்டில் நாங்கள் ஒருநாளும் பார்க்காத சிரிப்பு அது.

"இவங்களுக்கு மட்டும் தொர சொல்லிட்டாரா?" என்று கத்தினேன்.

"அவங்க விருந்தாளிங்க."

"அப்ப நாங்க யாரு?"

"நீ டவுனுக்குப் போற புள்ள. கூரை ஒழுகுது, கக்கூசு ஒடைஞ்சிருக்குன்னு பேஸ்புக்குல போட்டுருவ. தெரியாதா எனக்கு?"

கூரையையும் கக்கூசையும் எடுக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு அதுவரைக்கும் வந்ததில்லை.

மறுநாள் அக்காவை உச்சி மலைக்கு அனுப்பினார்கள். செங்குத்தான இடம்; காடு மண்டி, அட்டை நிறைந்தது. சாயங்காலம் காலில் இரத்தம் வழிய வந்தவளிடம் கண்டாக்கை நான் திட்டத் தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

"ஒனக்குக் கோவம் வந்தா கத்திட்டு பஸ் ஏறிருவ. காலையில வேல பிரிக்கிற பெரட்டுல போயி அந்தாளு முன்னுக்கு நிக்கிறது யாரு? நான்தானே?"

அவள் சொன்னது சரி என்பதாலேயே கோபம் இன்னும் கூடியது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கடையில் மருந்துப் பெட்டிகளை டொக் டொக்கென்று அடுக்கினேன். என்னோடு வேலை செய்கிறவள் என்னவென்று கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அழித்த படம் உடனே போய்விடாது, அதற்குமேல் வேறு படம் எடுக்காவிட்டால் மெமரி கார்ட்டிலிருந்து மீட்கலாம் என்றாள். நல்லவேளை, படங்களை அழித்த நாளிலிருந்து வெறுப்பில் நான் கமராவைத் தொட்டிருக்கவே இல்லை. நகரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிற ஒருவரிடம் கார்ட்டைக் கொடுத்தேன். கிட்டத்தட்ட எல்லாப் படங்களையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஸ்டூடியோக் கம்ப்யூட்டரில் பெரிதாகப் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முன்னால் இருந்த தேயிலை இலை நரம்பு தெரியத் தெளிவாக இருந்தது. பின்னால் அக்கா புகை மாதிரி நின்றாள். அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததில் தலை பாதிதான் இருந்தது. இந்தக் குப்பைக்காகவா அக்கா உச்சி மலை ஏறினாள்? எங்கே குறி வைக்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல் அமுக்கித் தள்ளிய என் விரலை ஒடிக்கலாம் போலிருந்தது.

ஒன்றே ஒன்று சரியாக விழுந்திருந்தது. அக்கா பக்கவாட்டில் திரும்பி, புருவத்தைச் சுருக்கி, யாரையோ ஏசிக்கொண்டிருக்கிறாள். கையில் கொழுந்து. மூட்டம் வெள்ளையாகவே இருந்தது. முகம் அவள் நிறத்திலேயே இருந்தது. அதை அச்சுப்போட்டுக் கொண்டுபோனேன்.

அக்கா விளக்கு வெளிச்சத்துக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "ஏசுறப்ப இப்புடியா இருக்கேன்?" என்றாள். பிறகு, "இருக்கட்டும். இது நான்தான்" என்றாள்.

காலையில் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். பிறகு நடந்தது அவள் சொல்லித்தான் தெரியும். வேலை பிரிப்பதற்குள் படம் கைக்குக் கை போயிருக்கிறது. கண்டாக்கு பார்த்துவிட்டார். "அழிக்கச் சொன்னேனே" என்று கையை நீட்டியிருக்கிறார். படத்தை வைத்திருந்த பெண் கொடுக்கவில்லை.

"வேன்ல வந்தவன் எடுத்தா சிரிக்கச் சொல்றீங்க. எங்க புள்ள எடுத்தா அழிக்கச் சொல்றீங்க. இதுக்குப் பதில் சொல்லுங்க ஐயா, மலைக்குப் போறோம்" என்று சொல்லி அங்கேயே நின்றுவிட்டாளாம். மற்றவர்களும் நகரவில்லை. துரை காரை விட்டிறங்கி வரவேண்டியதாகிவிட்டது.

அவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். போட்டோவுக்காக யாருக்கும் பேர் குறைக்கக் கூடாது. லயத்திலும் கோயிலிலும் யாரும் எடுக்கலாம். மலைக்குள் மட்டும் வெளியாள் எடுக்கக் கூடாது. நான் வெளியாளாம். பிறந்தது, வளர்ந்தது, இன்றைக்கும் தூங்கி எழும்புவது எல்லாம் அந்தத் தோட்டத்தில்தான்.

வேன்கள் இப்போதும் வந்துபோகின்றன. எந்தத் தீர்ப்பும் அவற்றைத் தடுக்கவில்லை. வேன் நின்றால் அக்காவும் மற்றவர்களும் முதுகைத் திருப்பிக்கொண்டு பறிக்கிறார்கள். கண்டாக்கும் சிரிக்கச் சொல்வதில்லை.

என் லீவு நாட்களில் பெண்கள் என்னிடம் படம் எடுத்துக்கொள்ள வருகிறார்கள். வேலைவிட்டு, குளித்து, நல்ல சேலை கட்டி வருவதற்குள் வெளிச்சம் போய்விடும். மங்கல் வெளிச்சத்துக்காகக் கமராவில் ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படம் புள்ளி புள்ளியாகிறது, குறைத்தால் ஆட்டம் விழுந்து கலங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கே வைப்பது என்று இப்போதுதான் பிடிபடுகிறது. நன்றாகப் பகல் வெளிச்சத்தில் அவர்களை வேலை செய்யும் இடத்தில் எடுக்க எனக்கு உரிமையில்லை. ஒவ்வொரு முறை கமராவைக் கையில் எடுக்கும்போதும் அந்தக் கோபம் புதிதாக வருகிறது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.